என்.ஐ.எச். பணத்தில் பெண்களின் பங்கு எவ்வளவு?

கேட்கப்பட்டது இது: “அமெரிக்க அரசு மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொட்டுகிற பணத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பெண்களின் உடல்நலத்துக்குப் போவதில்லை என்று படித்தேன். உண்மையா, சும்மா கிளப்பிவிட்டதா? மருந்து கம்பெனிகள்தான் எப்படியும் ஆராய்ச்சி செய்கின்றனவே, அரசு எதற்கு? இந்தியாவில் எப்படி?” இதில் முதலாவது வெறும் கணக்கு. அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டாவதில்தான் உண்மையான விஷயம் இருக்கிறது: யார் பணம் போடுகிறார்களோ, அவர்களுடைய கேள்விக்குத்தான் விடை கிடைக்கும். நான் டாக்டர் இல்லை. மனிதர்கள் மீது நடக்கும் மருந்துச் சோதனைகளில் பல வருடங்களாகப் புள்ளியியல் பார்ப்பவள். அரசுப் பணத்தில் நடந்தவை, கம்பெனிப் பணத்தில் நடந்தவை இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். எனவே கீழே இருப்பதை யாரும் மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் படித்த எண் 2024 டிசம்பரில் அமெரிக்க தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் வெளியிட்ட அறிக்கையிலிருந்து வந்திருக்க வேண்டும். என்.ஐ.எச். எனப்படும் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள்தான் அங்கே மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் பெரிய அரசு அமைப்பு. ஆண்டு பட்ஜெட் சுமார் 4,700 கோடி டாலர். 2013 முதல் 2023 வரை அதில் சராசரியாக 8.8 சதவீதம்தான் பெண்கள் உடல்நல ஆய்வுக்குப் போனது என்றும், அந்தப் பங்கு 9.7இலிருந்து 7.9ஆகக் குறைந்தது என்றும் அறிக்கை சொல்கிறது. கிளப்பிவிட்ட எண் இல்லை. ஆனால் இதே காலத்துக்கு என்.ஐ.எச். தானே போட்ட கணக்கில் சில ஆண்டுகளில் பங்கு பத்து சதவீதத்தைத் தாண்டுகிறது. இரண்டும் பொய்யில்லை, எதைப் பெண்கள் ஆய்வு என்று எண்ணுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். சர்க்கரை நோய் ஆய்வு ஒன்றில் பாதிப் பேர் பெண்கள் என்றால் அதில் பாதிப் பணத்தைப் பெண்கள் கணக்கில் எழுதலாமா? ஆய்வகத்தில் ஹார்மோன் ஏற்பியைப் பற்றி நடக்கும் ஆராய்ச்சியை எங்கே வைப்பது? என்.ஐ.எச். கணக்கில் ஒரே ஆய்வு பல தலைப்புகளில் வரலாம். எல்லாத் தலைப்புகளையும் கூட்டினால் மொத்த பட்ஜெட்டைத் தாண்டிவிடும். அதனால் “மீதி 91 சதவீதம் ஆண்களுக்குப் போகிறது” என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். மீதியில் பெரும்பகுதி செல், மரபணு, மூளை, தொற்று என்று ஆண் பெண் பாகுபாடு சொல்ல முடியாத அடிப்படை ஆய்வு.

மொத்தச் சதவீதத்தை விட நோய்வாரியாகப் பார்ப்பது பயன் தரும். மார்பகப் புற்றுநோய்க்கு என்.ஐ.எச்.சின் கீழுள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனம் மட்டுமே ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல் செலவிடுகிறது. எந்தப் புற்றுநோயோடு ஒப்பிட்டாலும் அது பெரிய தொகை. மறுபக்கம் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்ளுறை போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து, மாதாமாதம் உயிர் போகிற வலியைக் கொடுக்கும் நோய். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2022இல் இதற்கு என்.ஐ.எச். கொடுத்தது ஏறக்குறைய 1.6 கோடி டாலர். பத்தில் ஒருவர் என்பது தோராய மதிப்பீடு, ஏனென்றால் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவால் பார்க்கும் முறை, இல்லாமல் இந்த நோயை உறுதி செய்வது வெகுகாலம் கடினமாக இருந்தது. ஆனால் மதிப்பீட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் ஒதுக்கீடு சிறியதுதான். ஆக, பெண்களுக்கு வரும் நோய்க்கெல்லாம் பணமே இல்லை என்பது சரியில்லை. உயிரைப் பறிக்கிற, சங்கம் வைத்துப் போராட ஆளிருக்கிற நோய்க்குப் பணம் வந்தது. உயிரைப் பறிக்காமல் ஆளை முடக்கிப்போடும் நோய்களுக்கு வரவில்லை.

ஏன் இப்படி ஆனது என்றால் கொஞ்சம் பழைய கதை பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு மாத்திரையால் கைகால் குறைபாட்டோடு ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்த அதிர்ச்சி 1960களின் தொடக்கத்தில். அந்த பயம் போகாத நிலையில், 1977இல் எஃப்.டி.ஏ. (அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பு), கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களை மருந்துச் சோதனையின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்காதீர்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. நோக்கம் நல்லதுதான். விளைவு என்னவென்றால், மருந்தின் அளவே ஆண் உடலைப் பார்த்துத் தீர்மானமானது. அதற்கப்புறம் ஆராய்ச்சியாளர்களும் “மாதவிடாய்ச் சுழற்சி வந்து முடிவைக் குழப்பும்” என்று சொல்லிப் பெண்களைத் தவிர்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்கள்.

இதற்கு ஆஸ்பிரின் நல்ல உதாரணம். தினம் விட்டு தினம் ஆஸ்பிரின் போட்டால் மாரடைப்பு குறையுமா என்று அரசு நிதியில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பங்கேற்றவர்கள் 22,071 டாக்டர்கள், அத்தனை பேரும் ஆண்கள். முதல் மாரடைப்பு 44 சதவீதம் குறைந்தது என்று 1989இல் முடிவு வந்தது, பக்கவாதம் குறையவில்லை. பெண்களிடம் இதே கேள்வியைக் கேட்ட ஆய்வின் முடிவு வெளிவர 2005 ஆகிவிட்டது. 39,876 பெண்கள். மாரடைப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, பக்கவாதம் 17 சதவீதம் குறைந்தது. பார்த்தால் அப்படியே தலைகீழ். இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளும் ஆண்களின் முடிவை வைத்துப் பெண்களுக்கும் மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இங்கே நிதானம் வேண்டும். ஆண்களுக்குக் கொடுத்தது 325 மில்லிகிராம், பெண்களுக்கு 100. 2009இல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசியபோது ஆண் பெண் வித்தியாசம் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. ஆக, ஆஸ்பிரின் பெண்ணிடம் வேறு மாதிரி வேலை செய்கிறது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பதினாறு ஆண்டுகள், பெண்களிடம் அது எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாமலே மருந்து கொடுத்தார்கள் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

1986இலேயே பெண்களையும் சேருங்கள் என்று என்.ஐ.எச். கொள்கை அறிவித்துவிட்டது. 1990இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் போய்ப் பார்த்தால் அந்தக் கொள்கை பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. பாட்ரீசியா ஷ்ரோடர், ஒலிம்பியா ஸ்னோ போன்ற பெண் உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் சேர்ந்து கேள்வி எழுப்பினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் என்.ஐ.எச்.சுக்குள் பெண்கள் உடல்நல ஆய்வு அலுவலகம் வந்தது. 1993இல் சட்டமே வந்தது: அரசு நிதியில் மனிதர்கள் மீது நடக்கும் ஆய்வில் பெண்களும் சிறுபான்மையினரும் இருக்க வேண்டும், “செலவு கூடும்” என்று காரணம் சொல்லி அவர்களை விலக்கக் கூடாது. அந்த ஒரு வரிதான் சட்டத்தின் முதுகெலும்பு என்பது என் கருத்து. அதற்கு முன்னால் விண்ணப்பங்களில் எல்லோரும் சொன்ன சாக்கு அதுதான். 1977 வழிகாட்டுதலையும் அதே ஆண்டு எஃப்.டி.ஏ. மாற்றியது.

ஒன்றை மட்டும் என் தொழில் சார்ந்து சொல்ல வேண்டும். பெண்களைச் சேர்ப்பது வேறு, அவர்களுக்கு மருந்து எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது வேறு. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று அறிய ஆயிரம் பேர் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவுள்ள வித்தியாசம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இருக்கிறதா என்று அதே உறுதியோடு அறிய நாலாயிரம் பேர் வேண்டும். செலவும் அதற்கேற்ப ஏறும். பட்ஜெட் கூட்டத்தில் இந்தக் கணக்கைச் சொன்னதும் அறை அமைதியாகிவிடும். கடைசியில் பாதிப் பெண்கள், பாதி ஆண்கள் என்று சேர்த்துவிட்டு, கட்டுரையின் கடைசி அட்டவணையில் இரண்டு வரி போட்டு முடித்துவிடுவார்கள். சட்டத்தை மீறவில்லை, விடையும் கிடைக்கவில்லை.

இப்போது, அரசு எதற்கு என்ற கேள்வி. 1990களில் அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை சர்வசாதாரணம். உடல் கொதிப்பு, தூக்கமின்மைக்காக மட்டும் இல்லை. இதயத்தைக் காக்கும் என்றும் நம்பி வருடக்கணக்கில் கொடுத்தார்கள். நம்பிக்கைக்கு ஆதாரம், மாத்திரை எடுத்த பெண்களையும் எடுக்காதவர்களையும் வெறுமனே கவனித்து எழுதிய ஆய்வுகள். சிக்கல் என்னவென்றால், மாத்திரை எடுத்தவர்கள் பொதுவாக வசதியானவர்கள், படித்தவர்கள், நடைப்பயிற்சி போகிறவர்கள், புகைபிடிக்காதவர்கள். இதயம் நன்றாக இருந்தது மாத்திரையாலா, வசதியாலா? சீட்டுக் குலுக்கிப்போடுவது போல, யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று தற்செயலாகப் பிரித்தால்தான் தெரியும். நன்றாக விற்கிற மருந்தை அப்படிச் சோதித்துப் பார்க்க எந்த கம்பெனிக்கும் அவசரம் இருக்காது.

என்.ஐ.எச்.சின் முதல் பெண் இயக்குநரான பெர்னடீன் ஹீலி 1991இல் அறிவித்த திட்டம்தான் பெண்கள் உடல்நல முனைப்பு, சுருக்கமாக டபிள்யூ.எச்.ஐ. மதிப்பீடு 62.5 கோடி டாலர். நாடு முழுக்க 40 மையங்கள், 50 முதல் 79 வயது வரை 1,61,808 பெண்கள். ஹார்மோனோடு, கொழுப்பு குறைந்த உணவு, கால்சியம் மற்றும் வைட்டமின் டி ஆகியவற்றையும் சோதித்தார்கள். கீரையும் காய்கறியும் சாப்பிடுவதைச் சோதிக்க எந்த கம்பெனி 48,835 பெண்களைச் சேர்த்துப் பணம் போடும்?

2002 ஜூலையில், ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரைச் சோதனையைச் சராசரியாக 5.2 ஆண்டுகளிலேயே நிறுத்திவிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுதல் என்று பத்திரிகைகள் அலறின. அந்த 26ஐப் பிரித்துப் பாருங்கள். வெற்று மாத்திரை எடுத்த 10,000 பெண்களில் ஓர் ஆண்டில் 30 பேருக்கு வந்தது, ஹார்மோன் எடுத்தவர்களில் 38 பேருக்கு. எட்டுப் பேர் அதிகம். பக்கவாதத்திலும் எட்டுப் பேர் அதிகம், இதய நோயில் ஏழு பேர். இடுப்பெலும்பு முறிவில் ஐந்து பேர் குறைவு. ஒரு தனிப்பட்ட பெண்ணுக்கு இது சின்ன அபாயம். ஆனால் ஒரு மாத்திரையை லட்சக்கணக்கான ஆரோக்கியமான பெண்களுக்கு இதயத்தைக் காக்கும் என்று சொல்லிக் கொடுக்கும்போது அது சின்ன அபாயம் இல்லை. காக்கும் என்று சொன்ன இதயத்தையே அது காக்கவில்லை.

அடுத்தது பலருக்குத் தெரியாத பகுதி. கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜென் மட்டும் கொடுத்த சோதனை 2004இல் நின்றது. பக்கவாதம் கூடியது, ஆனால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்டகாலக் கண்காணிப்பில் குறைந்தே இருந்தது. அதோடு, டபிள்யூ.எச்.ஐ.யில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. ஐம்பது வயதில் கொதிப்பு தாங்காமல் டாக்டரிடம் போகிற பெண் அவர் இல்லை. இதை எடுத்துச் சொல்லாமல் எல்லா வயதுக்கும் சேர்த்துப் பயமுறுத்தியதில், மாத்திரை உண்மையிலேயே தேவைப்பட்ட பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் சும்மா அவதிப்பட்டார்கள். 2025 நவம்பரில்தான் எஃப்.டி.ஏ. அந்த மருந்துகளின் மேலுள்ள கறுப்புக் கட்ட எச்சரிக்கைகளில் (லேபிளில் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை) பெரும்பாலானவற்றை நீக்குவதாக அறிவித்தது. அந்த முடிவு சரியா என்று நிபுணர்களிடையே இன்னும் சண்டை நடக்கிறது. மாதவிடாய் நின்ற கையோடு தொடங்கினால் இதயத்துக்கு நல்லது என்பதற்கான ஆதாரம் என் பார்வையில் இன்னும் அரைகுறைதான். கொதிப்புக்கு நிவாரணம் கிடைக்கும் என்பதில் சந்தேகமே இல்லை.

பணம் வீணா என்றால், 2014இல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு கணக்குப் போட்டது. கூட்டு மாத்திரைச் சோதனைக்கான செலவு 26 கோடி டாலர். முடிவைப் பார்த்துப் பெண்கள் மாத்திரையைக் கைவிட்டதால் பத்தாண்டுகளில் 1,26,000 மார்பகப் புற்றுநோய்கள் தவிர்க்கப்பட்டன, போட்ட ஒவ்வொரு டாலருக்கும் சுமார் 140 டாலர் திரும்பி வந்தது. இதே கணக்கில் எலும்பு முறிவு 2,63,000 கூடியது என்றும் இருக்கிறது. மேற்கோள் காட்டுகிறவர்கள் அதை வசதியாக விட்டுவிடுவார்கள். இது கணித மாதிரியை வைத்துப் போட்ட மதிப்பீடு, எண்ணிப் பார்த்ததில்லை. 140 என்பது 40ஆகவே இருந்தாலும் நஷ்டமில்லை என்ற அளவுக்கு மட்டும் நம்புகிறேன்.

கம்பெனிகள் எதுவுமே செய்யாது என்று சொல்லவும் முடியாது. டபிள்யூ.எச்.ஐ. முடிவுக்கு நான்கு ஆண்டுகள் முன்னால், 1998இல், ஏற்கெனவே இதய நோயுள்ள 2,763 பெண்களிடம் இதே மாத்திரையைச் சோதித்து, பலனில்லை என்று வெளிவந்த ஆய்வுக்குப் பணம் போட்டது தயாரிப்பாளரான வையத் கம்பெனியேதான். இதயத்துக்கு நல்லது என்று லேபிளில் போட எஃப்.டி.ஏ. அனுமதி தராததால் ஆதாரம் தேடப் போனார்கள். அரசின் ஒழுங்குமுறை கழுத்தில் கை வைத்தால் கம்பெனியும் நேர்மையான கேள்வி கேட்கும். ஆரோக்கியமான பெண்களுக்கு இது வேண்டுமா என்ற பெரிய கேள்வி மட்டும் அரசுக்காகக் காத்திருந்தது.

அமெரிக்காவில் பெண்கள் ஆய்வுக்கு எதிர்பாராத ஒரு புரவலர் உண்டு: ராணுவம். 1990இல் வந்த பட்ஜெட் சட்டம் பாதுகாப்புச் செலவுக்கும் உள்நாட்டுச் செலவுக்கும் நடுவே சுவர் எழுப்பியிருந்தது. அங்கிருந்து இங்கே பணத்தை மாற்ற முடியாது. மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களின் கூட்டமைப்பு 1992இல் 30 கோடி டாலர் கூடுதலாகக் கேட்டுத் தெருவில் நின்றபோது, சுவரைத் தாண்டும் முயற்சி தோற்றது. டாம் ஹார்க்கின் என்ற செனட்டர், இரண்டு சகோதரிகளை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர், சுவருக்கு அந்தப் பக்கமே வைத்துக்கொள்ளலாம் என்று ராணுவத்தின் பட்ஜெட்டிலேயே 21 கோடி டாலரைப் போடவைத்தார். திட்டம் இன்றும் ஓடுகிறது, இதுவரை 400 கோடி டாலருக்கு மேல். எந்த ஆய்வுக்குப் பணம் என்று தீர்மானிக்கும் குழுவில் விஞ்ஞானிகளோடு, நோயைக் கடந்து வந்த பெண்களும் சம வாக்குரிமையோடு உட்கார்கிறார்கள். “இது எலியைக் குணப்படுத்தும், எங்களுக்கு என்ன?” என்று கேட்க ஆள் இருப்பது ஓர் ஆய்வுத் திட்டத்தை எவ்வளவு மாற்றும் என்பதை அப்படிப்பட்ட குழுக்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதியவர்களைக் கேட்டால் தெரியும்.

அண்மைக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பரில் வெள்ளை மாளிகை பெண்கள் உடல்நல ஆய்வுக்கென ஒரு முனைப்பைத் தொடங்கியது, 2024 பிப்ரவரியில் 10 கோடி டாலர் அறிவித்தது, அடுத்த மாதம் 1,200 கோடி டாலர் நிதி கேட்டது. கேட்ட அந்தப் பெரிய தொகையை நாடாளுமன்றம் தரவில்லை. முதலில் சொன்ன 2024 அறிக்கை தனி நிறுவனமும், ஐந்தாண்டுகளில் 1,570 கோடி டாலரும் கேட்டது. 2025 ஏப்ரலில் டபிள்யூ.எச்.ஐ.யின் வட்டார மையங்களுக்கான ஒப்பந்தத்தை முடிக்கப்போவதாக அரசு சொல்லி, கூச்சல் கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. மூப்படைந்துவிட்ட அந்தப் பெண்களைத் தொடர்ந்து கண்காணிப்பதுதான் இப்போது அந்தத் திட்டத்தின் மதிப்பே. ஓரிரு ஆண்டு விட்டுவிட்டு மறுபடி தொடங்கக்கூடிய வேலை இல்லை அது.

இந்தியாவுக்கு வருவோம். நம் அரசு பெண்கள் உடல்நல ஆய்வில் பணம் போடாமல் இல்லை. நெடுங்காலம் அந்தப் பணம் கருத்தடையைச் சுற்றியே ஓடியது. மும்பையில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) இனப்பெருக்க நல ஆய்வு நிறுவனம் 1950களில் கருத்தடைப் பொருட்களைச் சோதிக்கும் பிரிவாகத்தான் தொடங்கியது. லக்னோவில் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்த, வாரம் ஒரு முறை போடும் ஸ்டீராய்டு இல்லாத கருத்தடை மாத்திரை 1991இல் ‘சஹேலி’யாகக் கடைக்கு வந்தது. உலகத்தரமான வேலை அது, மறுப்பதற்கில்லை. ஆனால் அரசின் கேள்வி மக்கள்தொகை பற்றியது. பெண்ணின் வலியோ முதுமையோ பட்டியலில் பின்னால் இருந்தது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையிலுள்ள ஒரு மருத்துவமனையை மையமாக வைத்து, பயிற்சி பெற்ற நர்சுகள் வினிகரைப் போல நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்தே ஆபத்தைக் கண்டறிந்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட 49,311 பெண்களிடம் இந்தப் புற்றுநோயால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. முக்கியப் பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. மும்பைக் குடிசைப்பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களிடம் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய இதே போன்ற ஆய்வுக்குப் பணம் தந்தது அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம். அங்கே இறப்பு 31 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவிலிருந்த பெண்களுக்குப் பரிசோதனையே செய்யாமல் விட்டது சரியா என்று அந்த ஆய்வைப் பற்றிக் கடுமையான சர்ச்சை எழுந்தது. நடத்தியவர்கள் இந்தியாவில் அப்போது இருந்த வழக்கமான சிகிச்சையே பரிசோதனை இல்லாததுதான் என்றார்கள். அந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் நம் அரசு அதற்கு முன்பே பொதுப் பரிசோதனைத் திட்டம் ஒன்றை நடத்தியிருந்தால் அந்தப் பதிலைச் சொல்லவே முடிந்திருக்காது.